யூரிக் அமிலம் ரத்தக்குழாய்க்கு என்ன செய்கிறது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் யூரிக் அமிலத்துக்கு நேரே 7.8 என்றோ 8.2 என்றோ தடித்த எழுத்தில் இருந்தால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கால் கட்டைவிரலில் வலி இருக்கிறதா? இல்லை என்றதும் பேச்சு அதோடு முடிந்துவிடும். அறிக்கை கோப்புக்குள் போய்விடும். கவுட் எனப்படும் மூட்டுவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நோயாளிக்கும் இருக்கும், சில நேரம் மருத்துவருக்கும் இருக்கும்.

ஆனால் மூட்டுக்குப் போகிற யூரிக் அமிலம் ரத்தக்குழாய் வழியாகத்தான் போகிறது. ஆண்டுக்கணக்கில், இரவும் பகலும், குழாயின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அந்தச் சுவருக்கு அது என்ன செய்கிறது என்று கடந்த 25 ஆண்டுகளில் நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரியும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: எண் எவ்வளவு என்பதைப் போலவே, அது எந்த வயதில் ஏறியது என்பதும் முக்கியம். இருபது வயதில் ஏறிய யூரிக் அமிலத்தையும் அறுபதைத் தாண்டி ஏறியதையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். டிஎன்ஏ, ஆர்என்ஏ, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி எல்லாவற்றிலும் பியூரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பழைய செல் அழியும்போதும் ஏடிபி சிதையும்போதும் பியூரின் உடைகிறது. உணவிலிருந்து வருவது ஒரு பங்கு. உடலே உண்டாக்குவதுதான் பெரும்பங்கு. உடைபடும் வேலையின் கடைசிப் படியில் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த நொதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பெரிய குழப்பத்தைக் கிளப்பப் போகிறது.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிகேஸ் என்று இன்னொரு நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தையும் உடைத்து, தண்ணீரில் எளிதாகக் கரையும் அலன்டோயினாக ஆக்கிவிடும். மனிதனும் சிம்பன்சியும் கொரில்லாவும் தோன்றிய மரபுவழியில் இந்த நொதிக்கான மரபணு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் செயலிழந்துபோனது. அதனால்தான் மற்ற பாலூட்டிகள் பலவற்றின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் இருக்கும் யூரிக் அமிலம், நமக்குச் சாதாரணமாகவே 4, 5, 6 என்று இருக்கிறது.

உண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில் போகிறது, மீதி குடல் வழியாகப் போகிறது. சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் அமிலத்தில் சுமார் 90 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எண் கூடுபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அதிக உற்பத்தி இல்லை, குறைந்த வெளியேற்றம்தான். இன்சுலின் அளவு உயர்ந்திருந்தால் சிறுநீரகம் இன்னும் அதிகமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வயிற்றுப் பருமனும் யூரிக் அமிலமும் சேர்ந்தே ஏறுவதற்கு இது ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் வெளியேற்றத்துக்கு உதவுகிறது. ஆகவே பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை எண் குறைவாக இருந்து, அப்புறம் ஏறுகிறது.

உடல் வெப்பத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம், படிகமாகப் படியக்கூடிய நிலைக்கு வருகிறது. ஆண்களுக்கு 7 என்றும் பெண்களுக்கு 6 என்றும் ஆய்வகங்கள் போடும் எல்லை இதை ஒட்டியே இருக்கிறது. இது படிகத்தை வைத்துப் போட்ட கணக்கு. ரத்தக்குழாய்க்கு நடக்கும் சேதத்துக்குப் படிகம் தேவையில்லை. கரைந்த நிலையிலேயே, செல்லுக்குள் நுழைந்து அது வேலையைக் காட்டுகிறது.

ஒற்றை அடுக்குச் செல்கள்

எல்லா ரத்தக்குழாய்களின் உள்பக்கத்திலும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் வேகமாக ஓடும்போது இந்தச் செல்கள் அந்த உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும். சில நொடிகளே உயிரோடு இருக்கும் அந்த வாயு பக்கத்தில் உள்ள தசைச் செல்லுக்குப் போய், தளர்ந்துகொள் என்று சொல்லும். குழாய் விரியும், அழுத்தம் குறையும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதே வாயுதான். இதைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடுக்கு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை இருக்கிறது. பார்ப்பதற்கு மிக எளிமையானது. படுக்க வைத்து, முழங்கைக்குச் சற்று மேலே உள்ள தமனியை அல்ட்ராசவுண்டில் பிடித்து அதன் விட்டத்தை அளப்பார்கள். நாலு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். முன்கையில் பிபி பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கும்வரை காற்றடித்து, ஐந்து நிமிடம் அப்படியே விடுவார்கள். கை மரத்துப்போய், விரல்கள் வெளுத்திருக்கும். பட்டையைச் சட்டென்று தளர்த்தியதும் ரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சலின் உரசலில் எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை விடும். ஒரு நிமிடத்துக்குள் தமனி மெல்ல விரிவதைத் திரையில் பார்க்கலாம். ஆரோக்கியமான குழாய் 5 முதல் 10 சதவீதம் வரை விரியும், அதாவது கால் மில்லிமீட்டர் அளவில்தான். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த விரிவு குறைந்திருக்கும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கும் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஏன் குறைகிறது? செல்லை வளர்த்து அதன் மேல் யூரிக் அமிலத்தை விட்டுப் பார்த்த ஆய்வுகளில் பல வழிகள் தெரிந்தன. கடத்திப் புரதங்கள் வழியாக யூரிக் அமிலம் எண்டோதீலியச் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தடுமாற வைக்கிறது, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் குறைக்கிறது. உண்டான கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் வேதிவினை புரிந்து காலிசெய்துவிடுகிறது. பக்கத்துத் தசைச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. அழற்சிச் செல்களை அழைக்கும் புரதங்களைச் சுரக்க வைக்கிறது. குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் அமைப்பை அந்த இடத்திலேயே முடுக்கிவிடுகிறது. சுவர் விரிவது குறைகிறது, தடிப்பது கூடுகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ரத்தத்தின் திரவப் பகுதியில் யூரிக் அமிலம் ஒரு நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான். 1981-ல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸும் சக ஆய்வாளர்களும் இதை முன்வைத்தார்கள். மனிதனுக்கு நீண்ட ஆயுள் கிடைக்க இது உதவியிருக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். செல்லுக்கு வெளியே காப்பாற்றும் அதே பொருள் செல்லுக்கு உள்ளே போனால் கெடுக்கிறது. அதனால் எண்ணை எவ்வளவு குறைத்தாலும் நல்லதுதான் என்ற முடிவுக்கும் வர முடியாது. பிறவியிலேயே யூரிக் அமிலத்தைத் தக்கவைக்க முடியாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடும் உடற்பயிற்சிக்குப் பின் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு வருவதுண்டு. யூரிக் அமிலம் ஏறக்குறைய இல்லாத நிலையில் எண்டோதீலியமும் சரியாக வேலை செய்வதில்லை.

அடுத்த சிக்கல் அந்த நொதி. சாந்தீன் ஆக்சிடேஸ் யூரிக் அமிலத்தைச் செய்யும்போதே சூப்பராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் பக்கவிளைவாக உண்டாக்குகிறது. அவை நைட்ரிக் ஆக்சைடை உடனே அழித்துவிடும். அப்படியானால் குழாயைக் கெடுப்பது யூரிக் அமிலமா, அதைச் செய்யும் நொதியா? 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். நொதியையே தடுக்கும் அலோபியூரினாலை ஒரு பிரிவுக்கும், நொதியைத் தொடாமல் சிறுநீரில் மட்டும் யூரிக் அமிலத்தை வெளியேற்றும் புரோபெனெசிடை இன்னொரு பிரிவுக்கும் கொடுத்தார்கள். இரண்டிலும் யூரிக் அமிலம் குறைந்தது. எண்டோதீலியம் தேறியது அலோபியூரினாலில் மட்டுமே. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன், கேள்வியை அவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துக் கேட்டதற்காக. இதயம் ஏற்கனவே பழுதான நோயாளிகளில் முக்கியக் குற்றவாளி நொதிதான் என்று அது சுட்டியது. ரத்தத்தில் தெரியும் எண், உள்ளே நொதி எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

சிறுநீரகத்தின் வாசலில்

சரி, நொதி மட்டும்தான் காரணம் என்று விட்டுவிடலாமா? விட முடியாதபடி ஒரு ஆய்வு 2001-ல் வந்தது. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ரிச்சர்ட் ஜான்சனின் குழுவினர் எலிகளுக்கு யூரிகேஸைத் தடுக்கும் ஆக்சோனிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். எலிக்கு நம்மைப்போலவே யூரிக் அமிலம் ஏறியது, அளவும் மிதமானதுதான். சில வாரங்களில் ரத்த அழுத்தமும் ஏறியது. சிறுநீரகத்தை வெட்டிப் பார்த்தால் படிகம் ஒன்றுகூட இல்லை. யூரிக் அமிலம் ஏறாமல் மருந்து கொடுத்த எலிகளுக்கு அழுத்தம் ஏறவில்லை, அதுவும் நொதியைத் தடுக்கும் மருந்தில் மட்டுமில்லாமல், சிறுநீரில் வெளியேற்றும் மருந்திலும்.

அந்த எலிகளில் பாதிப்பு தெரிந்த இடம் மிக முக்கியமானது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. வடிகட்டிக்குள் போகும் அழுத்தத்தை நொடிக்கு நொடி சரிசெய்வது அதுதான். யூரிக் அமிலம் ஏறியதும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதி குறைந்தது, அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பு கூடியது, தமனி சுருங்கியது. இது முதல் கட்டம். இந்த நிலையில் யூரிக் அமிலத்தைக் குறைத்தால் அழுத்தமும் இறங்கியது. அப்படியே விட்டபோது நுண்தமனியின் சுவரே தடித்துப்போனது. தடித்த பிறகு கதை மாறுகிறது. யூரிக் அமிலத்தைக் குறைத்தாலும் அழுத்தம் இறங்குவதில்லை. உப்பு சாப்பிட்டால் ஏறுகிற, சிறுநீரகமே பிடித்துவைத்திருக்கிற ரத்தக் கொதிப்பாக அது நிலைத்துவிடுகிறது.

மனிதரில் இந்த முதல் கட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் இளையவர்களைத்தான் பார்க்க வேண்டும். 2008-ல் அமெரிக்கக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர் டேனியல் ஃபெய்க் அப்படிச் செய்தார். 11 முதல் 17 வயதுவரை உள்ள, அப்போதுதான் ரத்தக் கொதிப்பு கண்டுபிடிக்கப்பட்ட, யூரிக் அமிலம் 6-க்குக் குறையாத 30 பேர். நாலு வாரம் அலோபியூரினால், இடைவெளி விட்டு நாலு வாரம் வெற்று மாத்திரை. எது எது என்று யாருக்கும் தெரியாது. அலோபியூரினால் எடுத்தபோது 20 பேருக்கு ரத்த அழுத்தம் இயல்புக்கு வந்தது. வெற்று மாத்திரையில் ஒரே ஒருவருக்கு. பதின்வயதினர் 30 பேர், அதுவும் சில வாரங்கள் மட்டும் என்பதை மறக்காமல் படித்தாலும், அசைத்துப் பார்க்கிற முடிவு அது.

2021-ல் அமெரிக்காவில் 18 முதல் 40 வயதுவரை உள்ள 99 பேரிடம் ஏறக்குறைய இதே முறையில் சோதித்தார்கள். இவர்களுக்கு ரத்த அழுத்தம் குறிப்பிடும்படி இறங்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன அந்தக் கைத்தமனிப் பரிசோதனையில் விரிவு தெளிவாகக் கூடியது. அழுத்தத்தில் மாற்றம் தெரியாவிட்டாலும் குழாயின் உட்சுவர் தேறியிருக்கிறது. இன்னொரு பக்கம், ரத்தக் கொதிப்பு இல்லாத பருமனானவர்களிடம் 2017-ல் வெளியான ஆய்வில் அலோபியூரினாலோ புரோபெனெசிடோ எண்டோதீலியத்துக்கு எந்தப் பலனும் தரவில்லை. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வயதான பிறகு

மக்கள்தொகை ஆய்வுகளில் இந்த வழக்கு ஆரம்பத்திலிருந்தே இழுபறிதான். யூரிக் அமிலத்தையும் ரத்தக் கொதிப்பையும் இணைத்து மருத்துவர்கள் 1870-களிலேயே எழுதியிருக்கிறார்கள். 1999-ல், அமெரிக்காவின் ஓர் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்துவரும் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு, பிற காரணிகளைக் கழித்துப் பார்த்தால் யூரிக் அமிலத்துக்கு இதயநோயில் தனிப் பங்கு இல்லை என்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து வந்த இன்னொரு ஆய்வு, தனிப் பங்கு உண்டு என்றது. யூரிக் அமிலத்தை உயர்த்தும் மரபணு வேறுபாடுகளோடு பிறந்தவர்களைப் பார்த்த ஆய்வுகளில், மாரடைப்புக்கு நேரடிக் காரணம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை.

தீர்ப்பு போல வந்தது 2022-ல் வெளியான ஆல்ஹார்ட் ஆய்வு. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய, இதயத் தமனி நோய் உள்ள, கவுட் இல்லாத 5,721 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு அலோபியூரினால், மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் மரணம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 11 சதவீதம், மறுபக்கம் 11.3 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இதை வைத்து யூரிக் அமிலத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது அவசரமான முடிவாகப் படுகிறது. யூரிக் அமிலம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த ஆய்வு நடக்கவில்லை. பங்கேற்றவர்களின் குழாய்கள் ஏற்கனவே தடித்து, கொழுப்பு படிந்து, பல மருந்துகளின் காவலில் இருந்தவை. சுவர் தடித்த பின் யூரிக் அமிலத்தைக் குறைத்துப் பயனில்லை என்று எலி ஆய்வு முன்பே காட்டியதோடு இது ஒத்துப்போகவும் செய்கிறது. ஆனாலும் நடைமுறைக்கு ஆல்ஹார்ட் சொல்வதை ஏற்கத்தான் வேண்டும்: இதயநோய் வந்த முதியவருக்கு, கவுட் இல்லாதபோது, இதயத்துக்காக என்று அலோபியூரினால் கொடுக்க ஆதாரம் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் அலோபியூரினால் சிறுநீரகத்தைக் காக்குமா என்று பார்த்து 2020-ல் வெளியான இரண்டு ஆய்வுகளும் இல்லை என்றே முடிந்தன.

கவுட் வந்தவர்களின் நிலை வேறு. அங்கே படிகமும் அழற்சியும் சேர்ந்துகொள்கின்றன. வெள்ளணுக்கள் யூரேட் படிகத்தை விழுங்கியதும் அவற்றுக்குள் ஒரு அழற்சித் தொகுப்பு விழித்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சியைத் தூண்டும் புரதத்தைக் கொட்டுகிறது. வீங்குவது கட்டைவிரல் என்றாலும் அந்த இன்டர்லூக்கின் உடல் முழுதும் சுற்றுகிறது. இதயத் தமனிகளில் ஏற்கனவே கொழுப்புத் திட்டுகள் இருந்தால் அவை நிலைகுலைய இது போதும். பிரிட்டனில் கவுட் உள்ள 60,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வந்த ஆய்வு, கவுட் தாக்குதலுக்குப் பிந்தைய 120 நாட்களில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடியிருப்பதைக் காட்டியது. முதல் 60 நாட்களில் அதிகம். கட்டைவிரல் வலி மாத்திரையில் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு மாதமும் உண்மையில் நெஞ்சைக் கவனிக்க வேண்டிய காலம். கவுட் உள்ளவருக்கு அந்த நாட்களில் நெஞ்சழுத்தம், மூச்சிரைப்பு, ஒரு பக்கக் கை மரத்துப்போதல் வந்தால் வாய்வு என்று தள்ளிப்போடக் கூடாது.

கவுட்டுக்குப் பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் கால்ச்சிசின் என்ற அழற்சி மருந்து, குறைந்த அளவில் இதயநோயாளிகளுக்குப் பலன் தருவதாக 2019, 2020 ஆய்வுகள் காட்டியதையும், 2023-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், மாரடைப்புக்குப் பின் உடனே கொடுத்தபோது அந்தப் பலன் தெரியவில்லை.

அறிக்கையில் எண் கூடியிருந்தால் என்ன செய்வது? கவுட்டும் இல்லை, யூரிக் அமிலக் கல்லும் இல்லை என்றால், அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரை ஆரம்பிக்க அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. நானும் அந்தப் பக்கம்தான். அலோபியூரினால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை தராது. ஆனால் வெகுசிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும். அதே நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்ஸோஸ்டாட் எடுத்தவர்களில் இதயநோய் மரணம் கூடுதலாக இருந்ததாக 2018 ஆய்வு சொன்னதால் அமெரிக்காவில் எச்சரிக்கை போடப்பட்டது. அப்படிக் கூடவில்லை என்று 2020-ல் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. தேவையில்லாதவருக்கு இந்த வம்பு எதற்கு?

ஆனால் மாத்திரை வேண்டாம் என்பதற்காக அறிக்கையை மூடிவைக்கவும் வேண்டாம். முப்பது வயதில் 8 என்று வந்தால் நான் முதலில் கேட்பது பிபி பார்த்தீர்களா என்பதுதான். ஒரு தடவை பார்த்தால் போதாது, வீட்டில் ஒரு வாரம், காலையும் மாலையும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்புறம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரவில் ஆக்சிஜன் குறையும்போது ஏடிபி சிதைந்து யூரிக் அமிலம் கூடும்.

உணவில் எல்லோரும் பருப்பையும் கீரையையும் பயந்து நிறுத்துகிறார்கள். காய்கறியில் உள்ள பியூரின் கவுட் அபாயத்தைக் கூட்டுவதில்லை என்று 2004-லேயே பெரிய ஆய்வு காட்டிவிட்டது. கவனிக்க வேண்டியது வேறு: பீர் முதலான மது வகைகள், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சில கடல் உணவுகள், முக்கியமாக இனிப்புப் பானங்கள். ஃப்ரக்டோஸைக் கல்லீரல் கையாளும்போது ஏடிபியைக் கட்டுப்பாடில்லாமல் செலவழிக்கிறது, அந்த மிச்சம் நேராக யூரிக் அமிலமாகிறது. பாட்டில் பழச்சாறும் இதில் சேர்த்திதான். பருமனாக இருப்பவர் எடையை மெல்லக் குறைத்தால் எண் இறங்கும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் ஏறும்.

எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. தயாசைடு வகை நீர்மாத்திரையும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை உயர்த்தும். பிபிக்கான லோசார்ட்டன் கொஞ்சம் குறைக்கும், சர்க்கரைக்கான எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளும் குறைக்கும். ரத்தக் கொதிப்பும் யூரிக் அமிலமும் சேர்ந்து இருப்பவர், நீர்மாத்திரைக்குப் பதில் லோசார்ட்டன் எனக்குச் சரிவருமா என்று தன் மருத்துவரிடம் கேட்கலாம். மாரடைப்புக்குப் பின் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் இந்த எண்ணைப் பார்த்து யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது தடுக்கிற ஆபத்து, ஏற்றுகிற யூரிக் அமிலத்தைவிடப் பல மடங்கு பெரியது.